வான்படத்துக்கு (இரவு வானைப் படமெடுக்க) எந்த சென்சார்? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'இந்த கேமராவில் ஐஎஸ்ஓ 1,02,400 வரை போகும், அதில் 25,600தான்' என்று பேச்சு தொடங்கினால் ஒப்பீடு அங்கேயே தடம் மாறிவிட்டது என்று அர்த்தம். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சென்சார் கூடுதல் ஒளியைப் பிடிப்பதில்லை. பிடித்ததைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். விழும் 100 ஒளித்துகளில் எத்தனை எலக்ட்ரானாக மாறும் என்பது சென்சாரின் குணம். ஐஎஸ்ஓ 800 வைத்தாலும் 6400 வைத்தாலும் அது மாறாது. அந்த விகிதம்தான் குவாண்டம் திறன். ஐஎஸ்ஓவை ஏற்றினால் பல கேமராக்களில் ரீட் நாய்ஸ், அதாவது பிக்சலைப் படிக்கும்போது மின்சுற்று சேர்க்கும் இரைச்சல், குறையும். அந்த ஒரு லாபம் உண்டு.

சரி, குவாண்டம் திறனை ஒப்பிடலாம் என்று வரைபடத்தைத் திறந்தால் அங்கே அடுத்த பொறி. பல வரைபடங்களில் செங்குத்து அச்சு 'ரிலேட்டிவ்'. அதாவது, அந்த சென்சாரின் சொந்த உச்சத்தையே 1 என்று வைத்து வரைந்தது. இரண்டு சென்சாரின் ரிலேட்டிவ் கோடுகளைப் பக்கத்தில் வைத்து எது உசத்தி என்று சொல்லவே முடியாது. முழு மதிப்பு வேண்டும்: வான்பட கேமராக்களில், தயாரிப்பாளர் கணக்கில், ஏஎஸ்ஐ1600 மோனோவுக்கு (கறுப்பு-வெள்ளை மாடல்) உச்சம் சுமார் 60%, ஏஎஸ்ஐ2600 மோனோவுக்கு சுமார் 91%. பழையதில் 3 மணி நேரம் பிடித்தது புதியதில் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் முடியும். நல்ல லாபம்தான். ஆனால் நகர வானத்தைவிட 3 மேக்னிட்யூட் (சுமார் 16 மடங்கு) இருண்ட இடத்துக்குப் போனால் அதே மங்கலான நெபுலாவுக்கு சுமார் 16-இல் ஒரு பங்கு நேரம் போதும். பஸ் டிக்கெட் எவ்வளவோ மலிவு.

அதிகம் பேர் சறுக்குவது பிக்சல் அளவில். ஏஎஸ்ஐ183-இன் பிக்சல் 2.4 மைக்ரான், ஏஎஸ்ஐ2600-இன் பிக்சல் 3.76. பரப்பில் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வித்தியாசம். ஒரே தொலைநோக்கியில், ஒரே எக்ஸ்போஷரில் எடுத்து 100% பெரிதாக்கிப் பார்த்தால் முதலாவது இருட்டாகவும் சொரசொரப்பாகவும் தெரியும். உடனே 'உணர்திறன் கம்மி' என்று தீர்ப்பு. நடந்தது என்னவோ, அதே ஒளி அதிகக் கட்டங்களில் பிரிந்து விழுந்திருக்கிறது. 2×2 சேர்த்து 4.8 மைக்ரானாக்கினால் சிக்னல் 4 மடங்கு, ரீட் நாய்ஸ் 2 மடங்கு மட்டும். இரண்டு படத்தையும் ஒரே அளவுக்குச் சுருக்கி, வானத்தின் ஒரே துண்டில் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். திரையில் எது பளிச்சென்று இருக்கிறது என்பது கணக்கிலேயே வராது.

ரீட் நாய்ஸை மட்டும் வைத்துச் சண்டை போடுவோரும் உண்டு. ஒன்றில் 1.5 எலக்ட்ரான், இன்னொன்றில் 3.5 என்று வைப்போம். ஒளி மாசு மிகுந்த ஊரில் ஒரு ஃப்ரேமில் பிக்சலுக்கு 400 எலக்ட்ரான் வானத்திலிருந்தே வந்துவிட்டால் அதன் இரைச்சல் மட்டுமே 20 (400-இன் வர்க்கமூலம்). இரைச்சல்களை வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் வரும் மொத்தம் 20.06-க்கும் 20.30-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? அதே கேமராக்களில் நேரோபேண்ட் ஃபில்டர் (குறுகிய அலைநீளத்தை மட்டும் விடுவது) போட்டு, வானத்திலிருந்து 9 எலக்ட்ரான்தான் வருகிறது என்றால் 3.35-க்கு எதிரே 4.61. இங்கே அந்த எண் காசு கொடுக்கத் தகுந்தது. எக்ஸ்போஷரை நீட்டினால் இந்த இடைவெளியும் சுருங்கும்.

கடைசியாக நிறம். ரோசெட் நெபுலாவின் சிவப்பு 656 நானோமீட்டரில் வரும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா. சாதாரண டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னுள்ள ஃபில்டரே அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மிஞ்சுவதும் 4 பிக்சலுக்கு ஒன்றில்தான், சிவப்பு ஒளிக்கான பிக்சலில்தான், சரியாகப் பதிவாகும். ஃபில்டர் மாற்றிய பழைய கேமராவை மாற்றாத புதிய கேமராவோடு ரோசெட்டில் மோதவிட்டால் ஜெயிப்பது பழையதாக இருக்கும். அதை சென்சாரின் வெற்றி என்று எழுதிவைக்க வேண்டாம். சென்சாரைத்தான் சோதிக்க வேண்டும் என்றால் ஒரு கலாக்சியையோ நட்சத்திரக் கொத்தையோ எடுங்கள்: ஒரே இரவு, ஒரே தொலைநோக்கி, வானில் ஏறக்குறைய ஒரே உயரம், ஜேபெக் இல்லாமல் ரா ஃபைல்.