பழைய லைட் போர்டைக் கழற்றாமல் கணினியைச் சேர்க்கும் முறை

மலையகத்தில் நான் ஒளியமைப்புச் செய்த மண்டபங்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது, மேடை விளக்குகளைக் கட்டுப்படுத்தும் ஒரே வகையான லைட் போர்ட்தான். பன்னிரண்டோ இருபத்துநான்கோ ஃபேடர்கள் (மேலும் கீழும் நகர்த்தும் பிடிகள்) ஏ, பி என இரண்டு வரிசைகளாக இருக்கும்; ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மாஸ்டர் ஃபேடர் இருக்கும். ஏ வரிசையில் ஒரு காட்சி எரிந்துகொண்டிருக்கும்போதே அடுத்த காட்சியை பி வரிசையில் அமைத்து வைத்து, இரண்டு மாஸ்டர்களையும் எதிரெதிராக நகர்த்திக் காட்சியை மாற்றுவோம். தமிழ்த்தினப் போட்டி நாடகங்களுக்கும் கலைவிழாக்களுக்கும் இது தாராளமாகப் போதும். காமன் எரிக்கப்படுவதையும் அவன் மனைவி ரதி புலம்புவதையும் ஆடும் காமன் கூத்தை மண்டப மேடைக்குக் கொண்டுவரும்போதுதான் இதன் எல்லை தெரிகிறது. காமன் எரிந்து முடிந்ததும் சிவப்பு 3 விநாடிகளில் அவிய வேண்டும். அதே கணத்தில் தொடங்கி, ரதியின் ஒப்பாரி நீளும் 90 விநாடிகளிலும் நிலவின் நீலம் மெல்ல மெல்ல ஏற வேண்டும். பக்கவாட்டு மஞ்சள் 20 விநாடிகளில் பாதியளவுக்கு வந்து ரதியின் முகத்தைத் தொட வேண்டும். மூன்று வேகங்களை இரண்டு கைகளால் ஒவ்வோர் இரவும் ஒரே மாதிரி நகர்த்த முடியாது. அந்த வேலையைக் கணினி செய்யும்.

ஆனால் கணினி வந்ததும் போர்டைக் கழற்றிவிடக் கூடாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலை நாடகத்துக்காகப் போர்டை ஓரமாக வைத்துவிட்டு, மடிக்கணினியை நேரே டிமர்களோடு, அதாவது விளக்குகளின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிகளோடு, இணைத்தேன். இரண்டாம் காட்சியின் நடுவே மடிக்கணினி உறக்க நிலைக்குப் போயிற்று. டிமர்கள் கடைசியாகக் கிடைத்த அளவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றன. மேடையில் நள்ளிரவுக் காட்சி தொடங்கிவிட்டது. வெளிச்சமோ நண்பகல் வெளிச்சம். பல வாரங்கள் ஒத்திகை பார்த்த பிள்ளைகள் அந்த வெளிச்சத்திலேயே நடித்து முடித்தார்கள். அன்றிலிருந்து எந்த மண்டபத்திலும் கணினியைப் போர்டுக்குப் பக்கத்தில்தான் வைக்கிறேன். கணினி முற்றாக நின்றாலும், போர்டில் இருப்பவர் கையை வைத்தவுடன் மேடை அவர் வசமாக வேண்டும். கீழே சொல்லும் இணைப்புகள் எல்லாம் இந்த ஒரு நோக்கத்துக்காகவே.

முதலில் போர்டின் பின்புறத்தைப் பாருங்கள். ஐந்து ஊசிகளுள்ள எக்ஸ்எல்ஆர் இணைப்பியும் அதன் அருகே டிஎம்எக்ஸ் என்ற எழுத்தும் இருந்தால் வேலை எளிது. டிஎம்எக்ஸ்512 என்பது 1986இல் அமெரிக்க மேடைத் தொழில்நுட்பவியலாளர்களின் அமைப்பு ஒன்று வகுத்த நியமம். ஒரே கம்பி இணையில் 512 சனல்களின் (தனித்தனியே கட்டுப்படுத்தக்கூடிய விளக்கு வழிகளின்) அளவுகளை, ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரையான எண்ணாக, இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாகப் பல ஊசிகளுள்ள தடித்த இணைப்பியோ, ஆறு ஆறு சனல்களாகப் பிரித்த வட்ட இணைப்பிகளோ இருந்தால், அது பெரும்பாலும் சனலுக்கு ஒரு கம்பி வீதம் 0 முதல் 10 வோல்ட் வரை அனுப்பும் பழைய முறையாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், பல சனல்களை ஒரே கம்பியில் அடுக்கி அனுப்பிய ஏஎம்எக்ஸ்192, டி54 போன்ற முறைகளும் இருந்தன. அப்படியொரு போர்ட் உங்களிடம் இருந்தால், அதற்கென்றே செய்யப்பட்ட மாற்றி கிடைத்தாலன்றி அதில் கைவைக்க வேண்டாம்.

டிஎம்எக்ஸ் போர்ட் உள்ளவர்களுக்குத் தேவைப்படுவது மேர்ஜர் எனப்படும் ஒரு சிறிய பெட்டி. போர்டிலிருந்து வரும் வடத்தை அதன் முதல் உள்ளீட்டிலும், கணினியிலிருந்து வருவதை இரண்டாம் உள்ளீட்டிலும் செருகி, வெளியீட்டை டிமர்களுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு வடங்களையும் ஒய் வடிவில் முறுக்கிச் சேர்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்தால் இரண்டு சமிக்ஞைகளும் மோதி விளக்குகள் கண்டபடி மின்னும், கருவியும் பழுதாகலாம். மேர்ஜரை எச்டிபி முறையில் வையுங்கள். இம்முறையில் ஒவ்வொரு சனலுக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் அளவுகளில் எது கூடியதோ அதுவே மேடைக்குப் போகும். போர்டின் ஃபேடர்கள் எல்லாம் கீழே இருக்கும்வரை கணினி சொன்னபடி நடக்கும். கணினி இருட்டாக்கிவிட்டால் ஃபேடரை உயர்த்திய கணமே விளக்கு வரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பலர் நாடக இரவில்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். கூடிய அளவே வெல்லும் என்பதால், கணினி ஒரு விளக்கை முழு அளவில் பிடித்தபடி உறைந்துவிட்டால், போர்டில் ஃபேடரை எவ்வளவு கீழே இழுத்தாலும் அந்த விளக்கு இறங்காது. ஆகவே கணினியை இந்த இணைப்பிலிருந்து உடனடியாக வெட்டிவிட ஒரு வழி வேண்டும். மேர்ஜருக்குப் போகும் கணினி வடத்தைக் கையெட்டும் தூரத்தில், சிவப்பு நாடா சுற்றி வைத்திருங்கள். அதைப் பிடுங்கினால் போதும். ஆனால் சில மேர்ஜர்கள் ஒரு பக்கத்துச் சமிக்ஞை நின்ற பின்னரும் அதன் கடைசி அளவைச் சில விநாடிகளுக்கோ, தொடர்ந்துமோ பிடித்துவைத்திருக்கும். வாங்கிய அன்றே, ஒரு விளக்கைக் கணினியால் ஏற்றி, வடத்தைப் பிடுங்கி, எத்தனை விநாடியில் அவிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அவியவே இல்லையென்றால், போர்டா கணினியா என்று தெரிவுசெய்யும் ஓர் ஆளியை மேர்ஜருக்குப் பதிலாகப் பாவிப்பதே நல்லது.

0 முதல் 10 வோல்ட் முறைப் போர்டுக்கு வேலை சற்றுக் கூடுதல். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பொதுக் கம்பியிலும் சிவப்பு முனையை முதலாம் சனலிலும் வைத்து, ஃபேடரை மெதுவாக உயர்த்துங்கள். 0இலிருந்து ஏறத்தாழ 10 வரை ஏறினால் சரி. மீட்டரில் எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால், அந்தப் போர்டும் டிமரும் எதிர்மின்னழுத்த வகை. சாதாரண மாற்றி அதற்குப் பொருந்தாது. நேர் வகையாக இருந்தால், டிஎம்எக்ஸை 0-10 வோல்டாக மாற்றும் பெட்டி ஒன்றை வாங்கி, அதன் வெளியீட்டையும் போர்டின் வெளியீட்டையும் ஒவ்வொரு சனலிலும் டயோடு வழியாகச் சேர்க்க வேண்டும். 1என்4148 என்ற மலிவான டயோடு போதும்; பன்னிரண்டு சனலுக்கு இருபத்துநான்கு. கோடு போட்ட முனை டிமரை நோக்கியும் மறுமுனை போர்டையோ மாற்றியையோ நோக்கியும் இருக்க வேண்டும். மேர்ஜர் செய்யும் அதே வேலையை இந்த டயோடுகள் செய்கின்றன: கூடிய வோல்டளவு மட்டுமே டிமருக்குப் போகிறது, ஒன்றின் மின்னோட்டம் மற்றதற்குள் திரும்பிப் பாய்வதில்லை. பொதுக் கம்பிகளை மட்டும் டயோடு இன்றி நேரே இணைக்க வேண்டும். டயோடில் 0.6 வோல்ட் அளவு இழப்பு ஏற்படுவதால் விளக்கு முழுப் பிரகாசத்துக்குச் சற்றுக் குறைவாக எரியலாம். பல டிமர்களில் உச்ச அளவைத் திருத்தும் சிறு திருகு உண்டு. ஃபேடரை இறக்கிய பின்னும் இழை மங்கலாகச் சிவந்து நின்றால், அந்தச் சனலுக்கும் பொதுக் கம்பிக்கும் இடையே ஒரு 10 கிலோ ஓம் தடையை வையுங்கள்.

இதுவரை சொன்னது கட்டுப்பாட்டுப் பக்கம் மட்டுமே. டிமர் பெட்டிக்குள் இருப்பது 230 வோல்ட். அதன் மூடியைத் திறக்கும் எந்த வேலையையும் தகுதியுள்ள மின்னியலாளரிடம் விடுங்கள், அவர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டே திறக்கட்டும்.

கணினியிலிருந்து டிஎம்எக்ஸ் எடுக்க யூஎஸ்பி இடைமுகம் வேண்டும். இதில் இரண்டு தரம் உண்டு. என்டெக் ஓபன் டிஎம்எக்ஸ் போன்ற எளிய வகையில் தனியான செயலி இல்லை. ஒவ்வொரு சமிக்ஞைத் தொகுதியின் நேரத்தையும் கணினியே கணக்கிட வேண்டியிருப்பதால், கணினி வேறு வேலையில் தடுமாறினால் விளக்குகளும் தடுமாறும். அதே நிறுவனத்தின் டிஎம்எக்ஸ் யூஎஸ்பி புரோ போன்ற வகை, அளவுகளைத் தானே நினைவில் வைத்து அனுப்புவதோடு, கணினிக்கும் டிமர்களுக்கும் இடையே மின் தொடர்பைத் துண்டித்தும் வைக்கிறது. விலை அதிகம் என்றாலும் நமது பகுதிக்கு இரண்டாவதையே சொல்வேன். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வரும் ஊர்களில், டிமர் பக்கத்துக் கோளாறு கணினிக்குள் வராமல் தடுப்பது பெரிய பாதுகாப்பு.

வடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மைக் வடம் வடிவில் ஒன்றுபோல் இருந்தாலும், அதன் மின்னியல் பண்பு டிஎம்எக்ஸுக்கு உரியதன்று. குறுகிய தூரத்தில் வேலை செய்துவிட்டு, நீளம் கூடியதும் மின்னத் தொடங்கும். சுவரோடு நிலையாக இழுக்க வேண்டிய இடத்தில், எல்லா நகரங்களிலும் கிடைக்கும் கெட்5 வலையமைப்பு வடத்தைத் தாராளமாகப் பாவிக்கலாம். முறுக்கிய ஓர் இணையை இரண்டாம், மூன்றாம் ஊசிகளுக்கும், இன்னோர் இணையைச் சேர்த்து முதலாம் ஊசிக்கும் கொடுங்கள். ஒரு டிமரிலிருந்து அடுத்த டிமருக்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். கடைசி டிமரின் வெளியீட்டில் இரண்டாம், மூன்றாம் ஊசிகளுக்கிடையே 120 ஓம் தடையைப் பற்றவைத்த ஒரு பிளக்கைச் செருகுங்கள்.

நுவரெலியா பக்கத்தில் மூடுபனி மண்டபத்துக்குள்ளேயே வந்துவிடும். மாதக்கணக்கில் பாவிக்காத இணைப்பிகளின் ஊசிகளில் பச்சை படிந்திருக்கும், லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கும். நிகழ்ச்சிக்கு முதல்நாள் ஊசிகளை ஐசோபுரோபைல் அல்ககோலில் நனைத்த துணியால் துடையுங்கள். ‘மென்பொருள் பிழை’ என்று என்னை அழைத்த இடங்களில் பலமுறை இந்தத் துடைப்பே மருந்தாயிற்று.

அடுத்தது டிமர்களின் முகவரி, அதாவது ஒவ்வொரு டிமரும் எந்தச் சனலில் தொடங்குகிறது என்ற எண். ஆறு சனல் டிமர்கள் இரண்டு இருந்தால், முதலாவது 1இலும் இரண்டாவது 7இலும் தொடங்க வேண்டும். சிறு ஆளி வரிசையில் முதலாவது 1ஐயும், இரண்டாவது 2ஐயும், மூன்றாவது 4ஐயும் குறிக்கும். எனவே முதல் மூன்றையும் போட்டால் 7. சில டிமர்களில் எல்லா ஆளிகளும் அணைந்த நிலையே 1 என்பதால், அங்கே எண் ஒன்றால் தள்ளிப்போகும். விளக்கை ஏற்றிப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

மென்பொருளுக்குக் கியூஎல்சி பிளஸ் இலவசமானது. விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். முதலில் உள்ளீடு, வெளியீடு பக்கத்தில் இடைமுகத்தை முதலாம் யூனிவேர்ஸுக்கு (512 சனல்கள் கொண்ட ஒரு தொகுதி) ஒதுக்கி, பின்னர் பொதுவான டிமர் ஒன்றைப் பன்னிரண்டு சனல்களோடு முகவரி 1இல் சேர்த்துவிட்டால் ஏற்பாடு முடிந்தது. மேலே சொன்ன ஒப்பாரிக் காட்சியை இப்படிச் செய்யலாம். நீலத்துக்கு ஒரு ‘சீன்’ அமைத்து ஃபேட் இன் நேரம் 90 விநாடி கொடுங்கள். மஞ்சளுக்கு இன்னொரு ‘சீன்’, அளவு பாதி, நேரம் 20 விநாடி. இரண்டையும் ஒரு ‘கலெக்ஷனில்’ சேர்த்தால் ஒன்றாகத் தொடங்கி வெவ்வேறு வேகத்தில் ஏறும். சிவப்பு இறங்கும் வேகத்தை அதற்கு முந்திய ‘சீனின்’ ஃபேட் அவுட் நேரமாக 3 விநாடி என்று கொடுக்க வேண்டும். பிறகு எல்லாக் காட்சிகளையும் ஒரு ‘சேசரில்’ வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு படியின் காத்திருப்பு நேரத்தையும் முடிவிலியாக வைத்து, ஃபேட் நேரங்களை அந்தந்தச் ‘சீனின்’ நேரமே என்று விடுங்கள். ‘கியூ லிஸ்ட்’ ஒன்றில் அதை இணைத்துவிட்டால், நாடகம் முழுவதும் ஒரே பொத்தான்தான். உடுக்குச் சத்தம் நிற்கும் கணத்தில் அழுத்துவதா, ரதி குரலெடுக்கும் கணத்தில் அழுத்துவதா என்பதைக் கூத்து வாத்தியாரோடு இருந்து தீர்மானியுங்கள். அதைக் கணினி அறியாது.

மடிக்கணினியில் உறக்க நிலை, திரை அணைதல், தானியங்கிப் புதுப்பிப்பு, யூஎஸ்பி மின்சேமிப்பு ஆகிய நான்கையும் நிறுத்துங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள். மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு, ஆனால் மேர்ஜருக்கும் போர்டுக்கும் இல்லை; வோல்டேஜ் இறங்கி ஏறும் மாலைகளில் அவையிரண்டையும் சிறிய யூபிஎஸ் ஒன்றில் மாட்டினால் பாதி கவலை தீரும். புதிதாக எல்ஈடி பார் விளக்குகள் வாங்கியிருந்தால் அவற்றை டிமர் சனலில் மாட்டக் கூடாது. டிமர் வழியாக அன்றி நேரே சுவர் மின்சாரம் கொடுத்து, டிஎம்எக்ஸ் சங்கிலியில் தனி முகவரியோடு சேர்க்க வேண்டும். அவற்றின் சனல்கள் பழைய போர்டின் பன்னிரண்டு ஃபேடர்களுக்கு எட்டாது என்பதால், போர்டை மட்டும் கொண்டு மேடையைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அவை உதவா. முகங்களுக்கான வெளிச்சத்தைப் பழைய இழை விளக்குகளிலேயே வையுங்கள்.

கடைசி ஒத்திகையில், யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல், நடுக்காட்சியில் சிவப்பு நாடா சுற்றிய வடத்தைப் பிடுங்குங்கள். போர்டில் இருக்கும் பிள்ளை பத்து விநாடிக்குள் காட்சிக்குரிய வெளிச்சத்தைக் கொண்டுவர வேண்டும். அதற்காக ஒவ்வொரு காட்சிக்கும் எந்த ஃபேடர் எந்த அளவு என்று பென்சிலால் எழுதிய தாளைப் போர்டின் மேல் ஒட்டி, காட்சி மாறும்போதெல்லாம் மாஸ்டரை இறக்கியபடியே ஏ வரிசையில் அந்த அளவுகளை அமைத்து வைக்கச் சொல்லுங்கள். வடம் கழன்ற கணத்தில் அவர் செய்ய வேண்டியது அந்த ஒரு மாஸ்டரை உயர்த்துவது மட்டுமே.