ஆல்டோவில் டைல்ஸ் ஏற்றுவது எப்படி?

திங்கட்கிழமை காலையில் கொத்தனார் வந்துவிடுவார். கடையில் 12 பெட்டி டைல்ஸ் காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் குட்டியானை ஒன்றுகூடச் சிக்கவில்லை. சரி, நம்ம ஆல்டோ 800 இருக்கிறதே என்று கிளம்பினேன். நடைக்கு ஆறு பெட்டி. முதல் நடையில் சொதப்பினேன், இரண்டாவதில் தேறினேன்.

1. எடைக் கணக்கு

வண்டியோடு வந்த கையேட்டில் மொத்த எடை வரம்பும் காலி வண்டியின் எடையும் இருக்கும். கழித்துப் பாருங்கள். எனக்கு 400 கிலோவுக்குச் சற்று மேல் வந்தது. இதில் ஆட்களும் அடக்கம். நானும் மச்சானும் சேர்ந்தாலே 150. இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் பெட்டிக்கு நான்கு, பெட்டி 30 கிலோவை நெருங்கும்.

2. காற்று

ஏற்றுவதற்கு முன்பே, முழு பாரத்துக்குச் சொல்லியிருக்கும் அளவுக்கு அடித்துவிடுங்கள்.

3. எங்கே வைப்பது

இங்கேதான் மாட்டினேன். ஆறு பெட்டியையும் டிக்கியில் அடுக்கினேன். வண்டி பின்னால் உட்கார்ந்து மூக்கைத் தூக்கிக்கொண்டது. ஸ்டியரிங் பஞ்சு போல ஆகிவிட்டது. எதிரே வந்தவர்கள் எல்லாம் டிப் அடித்துத் திட்டினார்கள். நான் ஹை பீமில் போகவே இல்லை! ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அடியில் ஒரு கரகர.

டிக்கி இருப்பது பின் சக்கரத்துக்குப் பின்னால். அங்கே பாரம் ஏறினால் சீசா பலகை மாதிரி முன்பக்கம் எழும்பும். ஆல்டோவில் வண்டியை இழுப்பதும் திருப்புவதும் முன் சக்கரம்தான், பிரேக்கிலும் பெரும்பங்கு அதற்கே.

இரண்டாவது நடையில் மச்சானை வீட்டிலேயே விட்டேன். முன் சீட்டுகளுக்குப் பின்னால், கால் வைக்கும் இடத்தில் சாக்கு விரித்து, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. படுக்கவைக்காமல் நிறுத்தி வைத்தேன். படுத்த டைல்ஸ் குலுங்கினால் விரிசல் விடும். இடைவெளியில் பழைய போர்வையைத் திணித்து, முன் சீட்டைப் பின்னால் தள்ளி நெருக்கினேன். அதே சாலை, அதே ஆறு பெட்டி, வேறு வண்டி ஓட்டுவது போல இருந்தது.

4. கட்டு

நைலான் கயிறு எனக்குப் பிடிக்காது. பத்து கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட் இரண்டு வாங்கி வையுங்கள். ரொம்ப இறுக்கினால் டைல்ஸ் முனை உடையும், அட்டை கொடுத்து இறுக்குங்கள்.

5. ஓட்டுவது

முன்னால் போகும் வண்டிக்கு இரு மடங்கு இடைவெளி. ஹெட்லைட்டைத் தாழ்த்தும் திருகு இருந்தால் பயன்படுத்துங்கள். இறக்கியதும் காற்றைக் குறைக்க மறக்காதீர்கள், நான் ஒரு வாரம் மறந்தேன்.

பிற்சேர்க்கை: டிக்கியைத் திறந்து வைத்து பிவிசி பைப் கொண்டுபோகலாமா என்று கமெண்டில் இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். திறந்த டிக்கி வழியாகப் புகை உள்ளே வரும், அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. வாசனை வராததால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. மேலும், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதித்த அளவைத் தாண்டி சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். பைப்பைக் கடையிலேயே அறுத்து வாங்குங்கள். முழு நீளமே வேண்டுமென்றால் திங்கட்கிழமை வரை பொறுத்து குட்டியானையைக் கூப்பிடுங்கள்.