சிறிய வெப் சர்வரை நீங்களே எழுதுவது எப்படி?

ஒரு ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளை பிரவுசருக்கு அனுப்ப வேண்டும், ஃபிரேம்வொர்க் எதுவும் கூடாது. இலக்கு இவ்வளவுதான். சி, பைத்தான் எதில் எழுதினாலும் படிகள் ஒன்றே.

சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை) திறந்து, ஒரு போர்ட்டோடு (இணைப்பு வந்துசேரும் எண்) பைண்ட் செய்து, லிசன் போட்டு, அக்செப்ட்டில் அடுத்த இணைப்புக்காகக் காத்திருங்கள். போர்ட் 8080 போதும். லினக்ஸில் 1024-க்குக் கீழுள்ள போர்ட்டுகளுக்கு வழக்கமாக ரூட் (நிர்வாகி) அனுமதி தேவை. முகவரி 127.0.0.1 ஆக இருக்கட்டும்; அது இந்தக் கணினியை மட்டுமே குறிக்கும். 0.0.0.0 என்று கொடுத்தால் நெட்வொர்க்கில் உள்ள மற்ற கணினிகளும் உள்ளே வரலாம். பாதி எழுதிய சர்வரை அப்படித் திறந்துபோடக் கூடாது. நிறுத்தி உடனே மறுபடி ஓட்டும்போது, முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாகப் பிழை வரலாம். பழைய இணைப்பு மூடிய பிறகும் சிறிது நேரம் டைம்-வெயிட் என்ற காத்திருப்பு நிலையில் கிடப்பதுதான் காரணம். பைண்டுக்கு முன்பே ரீயூஸ்-அட்ரஸ் ஆப்ஷனைப் போட்டுவிடுங்கள்.

முதல் முயற்சிகள் பெரும்பாலும் சறுக்குவது கோரிக்கையைப் படிக்கும் இடத்தில்தான். ஒருமுறை ரிசீவ் அழைத்தால் எல்லாம் வந்துவிடும் என்று நினைத்து எழுதுகிறோம். சொந்தக் கணினியில் சோதித்தால் வரவும் செய்கிறது. ஆனால் டிசிபி (இணைப்பில் தரவைக் கொண்டுசெல்லும் நெறிமுறை) வெறும் பைட்டுகளின் ஓட்டம். செய்தி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்தான். ஹெடர்கள் (கோரிக்கையின் விவர வரிகள்) முடிவது வெற்று வரியில், அதாவது 13, 10, 13, 10 என்ற நான்கு பைட்டுகளில். அவை வரும்வரை பஃபரில் சேர்த்துக்கொண்டே போங்கள். 8192 பைட் தாண்டியும் வரவில்லையா, 431 (ஹெடர் மிகப் பெரிது என்ற பதில் எண்) அனுப்பி மூடிவிடுங்கள்.

முதல் வரியில் மெத்தட் (என்ன செய்ய வேண்டும் என்ற சொல்), பாதை, பதிப்பு மூன்றும் இருக்கும். கெட், ஹெட் இரண்டையும் ஏற்றால் போதும். ஹெட்டுக்கு ஹெடர்கள் மட்டும், உடல் (கோப்பின் உள்ளடக்கம்) கிடையாது. போஸ்ட் வந்தால் 405 (இந்த மெத்தட் அனுமதி இல்லை). கூடவே அலோ ஹெடரில் ஏற்கும் மெத்தட்களை எழுத வேண்டும். ஹெச்டிடிபி 1.1 கோரிக்கையில் ஹோஸ்ட் ஹெடர் இல்லையென்றால் 400 (தவறான கோரிக்கை).

பாதையை அப்படியே நம்பாதீர்கள். கேள்விக்குறிக்குப் பிறகுள்ளதை வெட்டி, சதவீதக் குறியாக்கத்தை (%20 போன்றவை) ஒரே ஒருமுறை பிரித்து, ஃபோல்டரோடு சேர்த்து, இயங்குதளத்திடமே உண்மையான முழுப் பாதையைக் கேளுங்கள். அது உங்கள் ஃபோல்டருக்குள் இல்லையென்றால் 404 (கிடைக்கவில்லை). மேல் ஃபோல்டருக்குக் கூட்டிப்போகும் இரட்டைப் புள்ளியைத் தேடி நீக்குவது போதாது. குறியாக்கத்துக்குள் ஒளிந்தும் அது வரும். ஒப்பிடும்போது கடைசிச் சாய்கோட்டையும் சேர்த்தே பாருங்கள். இல்லாவிட்டால் /தளம் என்ற ஃபோல்டருக்குப் போட்ட காவல் /தளம்-பழையது என்பதையும் உள்ளே விட்டுவிடும்.

பதிலில் கன்டென்ட்-லெங்த் என்பது பைட் கணக்கு. தமிழில் எழுதுகிறவர்கள் இதில் கட்டாயம் மாட்டுவார்கள். ‘வணக்கம்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் 7 குறியீடுகள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21. ஸ்ட்ரிங் நீளம் 7 என்று அனுப்பினால், பிரவுசர் 7 பைட்டோடு நிறுத்தி ‘வண’ என்பதையும் ஓர் உடைந்த குறியையும் காட்டும். மாறாக அதிகமாகச் சொன்னால் மீதிக்காகக் காத்துச் சுழலும். எனவே முதலில் பைட்டாக மாற்றுங்கள், பிறகு எண்ணுங்கள். கன்டென்ட்-டைப்பில் சார்செட் யூடிஎஃப்-8 என்றும் சொல்லிவிடுங்கள்.

சென்ட் அழைப்பும் கொடுத்ததில் ஒரு பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்ளலாம்; மீதி தீரும்வரை லூப் வேண்டும். சி-யில் எழுதினால் சிக்பைப் சிக்னலைப் புறக்கணியுங்கள். மறுமுனை பாதியில் மூடிக்கொண்டால் உங்கள் சர்வரையே அந்தச் சிக்னல் கொன்றுவிடும். தொடக்கத்தில் ஒவ்வொரு பதிலோடும் கனெக்‌ஷன் க்ளோஸ் அனுப்பி இணைப்பை மூடுவது நல்லது. ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளைக் கையாளும் கீப்-அலைவைப் பிறகு பார்க்கலாம்.

இணைப்புக்கு ஒரு த்ரெட் (மற்றவற்றோடு இணையாக ஓடும் வேலை), ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி டைம்அவுட். சோதிக்க நெட்கேட்டில் (கட்டளை வரியிலிருந்து சர்வரோடு இணையும் கருவி) இணைந்து முதல் வரியை மட்டும் தட்டிவிட்டுச் சும்மா இருங்கள். அதே நேரத்தில் பிரவுசரில் பக்கத்தைத் திறந்தால் உடனே வர வேண்டும். நெட்கேட் இணைப்பு பத்தாவது விநாடியில் அறுபட வேண்டும். பிரவுசர் காத்துக் கிடந்தால், அக்செப்ட் லூப்புக்குள்ளேயே படிக்கிறீர்கள் என்று பொருள். படிக்கும் வேலையை த்ரெட்டுக்கு மாற்றுங்கள்.