சபா மழைக்காட்டுக்குக் கல்லூரி மாணவர்களை அழைத்துப் போக

போர்னியோ தீவிலுள்ள மலேசியாவின் சபா மாநிலத்துக்குக் கல்விப் பயணம் திட்டமிடுபவர்கள் பத்துப் பன்னிரண்டு நாளில் எட்டு இடங்களைத் திணித்துவிடுகிறார்கள். பாதிப் பொழுது வேனிலேயே கழிந்துவிடும். மழைக்காட்டில் முதல் இரண்டு நாள் பச்சையைத் தவிர எதுவும் கண்ணில் படாது, மூன்றாம் நாள்தான் கண் பழகும். அதனால் தங்குமிடம் மூன்று போதும்: செபிலோக்கில் 2 இரவு, கினபாத்தாங்கான் ஆற்றங்கரையில் 4, டானும் பள்ளத்தாக்கில் 5.

மார்ச் முதல் அக்டோபர் வரை போகலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. ஆறு கரைபுரண்டால் படகும் ஓடாது, காட்டுப் பாதையும் மூழ்கிவிடும். மே 30, 31-இல் கடசான்-டுசுன் மக்களின் அறுவடைத் திருவிழாவான காமத்தான் வரும். அந்த வாரம் பேருந்தும் அறையும் கிடைப்பது சிரமம். ஆனால் பண்பாட்டைப் படிக்க வரும் குழுவுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

சபாவுக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. கோலாலம்பூரிலிருந்து உள்நாட்டு விமானத்தில் போனாலும் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். பெட்டிக்குள் போட்டுவிடக் கூடாது. மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்புங்கள். மாணவர்கள் இலை, பூச்சி, மண் எதையாவது மாதிரியாக எடுப்பதாக இருந்தால் 2000-ஆம் ஆண்டின் சபா பல்லுயிர்ச் சட்டப்படி உரிமம் வேண்டும். பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். உரிமம் இல்லையென்றால் படமும் குறிப்பும் மட்டும்தான். காய்ந்த இலைகூட ஊருக்கு வரக் கூடாது.

செபிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையத்தில் காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் உணவு வைப்பார்கள். நம் சளி அவற்றுக்கு எளிதில் தொற்றும் என்பதால், இருமல் உள்ள மாணவரை அன்று விடுதியிலேயே இருக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே சூரியக் கரடி மையம் இருக்கிறது, ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

கினபாத்தாங்கானில் பாத்து பூத்தே கிராமத்து மக்கள் கூட்டுறவாக நடத்தும் வீட்டுத் தங்கலைத் தேர்ந்தெடுங்கள். ஆற்றோர மக்களான ஓராங் சுங்காய் குடும்பங்களோடு தங்கலாம், காடு வளர்க்கும் வேலையிலும் சேரலாம். வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தான். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால். எதையாவது காட்டும்போது ஆள்காட்டி விரலை நீட்டாமல் கட்டைவிரலால் காட்டுங்கள். சாப்பாடு வேண்டாமென்றால் ‘வேண்டாம்’ என்று எழுந்துவிடாதீர்கள். தட்டை விரலால் லேசாகத் தொட்டால் போதும், மறுத்ததால் தீங்கு வராது என்பது அங்குள்ள நம்பிக்கை. சைவ மாணவர்களுக்காக முன்கூட்டியே சொல்லும்போது ‘பெலாச்சான் வேண்டாம்’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கீரைப் பொரியலில்கூட அந்த இறால் விழுது இருக்கும்.

படகுப் பயணத்தைக் காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் வையுங்கள். நீள்மூக்குக் குரங்குகள் இரவு உறங்க ஆற்றோர மரங்களுக்கு வருவதால் மாலையில் கூட்டமாகப் பார்க்கலாம். நடுப்பகலில் போனால் வெறும் தண்ணீர்தான்.

லாகாட் டாத்து நகரத்திலிருந்து டானும் பள்ளத்தாக்கின் கள ஆய்வு மையம் சுமார் 80 கி.மீ., பெரும்பகுதி சரளைச் சாலை. புறப்படும் முன் ஊர்க் கடையில் ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேட்டு, அடியில் குமிழ் வைத்த கறுப்பு ரப்பர் காலணி வாங்குங்கள். விலை மலிவு, சேற்றில் வழுக்காது, கழுவினால் உடனே காயும். வீட்டில் பல வருடம் கிடந்த மலையேற்றக் காலணியை எடுத்துவந்தால் ஈரத்தில் பசை விட்டு அடிப்பாகம் கழன்றுவிடும்.

அட்டைப்பூச்சிகள் கடிக்காமலிருக்க, நெருக்கமாக நெய்த முழங்கால் உயரத் துணி உறையைக் காலுறைக்கு மேல் மாட்டி, பேன்ட்டை உறைக்குள் செருகுங்கள். தரையில் திரியும் பழுப்பு அட்டை கடிப்பது தெரியாது. இலை நுனியில் காத்திருக்கும் புலி அட்டை சுருக்கென்று கடிக்கும், அது இடுப்பு உயரத்திலும் தொற்றிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் மெலிந்த முனையில் நகத்தை நுழைத்து வாயை முதலில் விடுவித்து, பிறகு பின்முனையை எடுங்கள். உப்போ நெருப்போ வைத்தால் அது வயிற்றில் இருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடலாம். இரத்தம் உறையாமல் வெகுநேரம் கசியும். அழுத்திப் பிடித்துக் கட்டுப் போட்டால் போதும்.

இரவு நடையில் டார்ச்சைக் கையில் பிடிக்காமல் நெற்றி விளக்கு அணியச் சொல்லுங்கள். ஒளி கண்ணுக்கு அருகிலிருந்து போனால்தான் விலங்கின் கண்ணொளி நேராக நம் பார்வைக்குத் திரும்பும். சருகுக்குள் பச்சையாக மின்னும் துளியை நெருங்கிப் பார்த்தால் சிலந்தி இருக்கும். குறிப்பெடுக்கப் பென்சில் கொடுங்கள், மை கரைந்துவிடும். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸ் மூடுபனியாகிவிடும்; மூடிய பையிலேயே அரைமணி நேரம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

டானும் மையத்தை ஒட்டி ஓடும் செகாமா ஆற்றில் நீந்த அனுமதிக்காதீர்கள். 2000-இல் சபாவில் நடந்த எகோ சேலஞ்ச் என்ற சாகசப் போட்டியில் அந்த ஆற்றில் இறங்கிய பலருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. சபாவில் குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியாவும் உண்டு; அந்தி வேளையில் முழுக்கைச் சட்டையும் கொசுவிரட்டியும் கட்டாயம். தடுப்பு மாத்திரை பற்றி ஆறு வாரம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். இந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் நோய் வேகமாக முற்றும். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் எந்த மாணவருக்குக் காய்ச்சல் வந்தாலும், அன்றே மருத்துவமனைக்குப் போய் ‘போர்னியோ காட்டில் இருந்தேன்’ என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். பெற்றோரிடமும் இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.