ராமநாதபுரம் கரையிலிருந்து தேக்கடிக்கு: தண்ணீர் வந்த வழியே மூன்று நாள்

கீழக்கரையோ தொண்டியோ மண்டபமோ, எந்த ஊருக்கு விடுமுறையில் வந்தாலும் முதல் இரண்டு வாரம் உங்கள் கையில் இருக்காது. கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, வங்கி வேலை, பத்திர ஆபீஸ் என்று ஓடிவிடும். அப்புறம் மிச்சமிருக்கும் மூன்று நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்ற பேச்சு வரும். கொடைக்கானல் என்பார் ஒருவர், மூணாறு என்பார் இன்னொருவர். தேக்கடிக்குப் போங்கள் என்பேன் நான். காடும் விலங்கும் ஏலத்தோட்டமும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன என்பது ஒரு காரணம். நம் மாவட்டத்துக்கும் அந்த ஏரிக்கும் இருக்கிற உறவு அதைவிடப் பெரிய காரணம்.

மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பென்னிகுயிக். 1895-ல் அந்த வேலை முடிந்தது. அப்படி வரும் தண்ணீர் வைகையில் சேர்ந்து தேனி, மதுரை, சிவகங்கை தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை வருகிறது. தேக்கடியில் நீங்கள் படகில் போகும் ஏரி அந்த அணை தேக்கிய தண்ணீர்தான். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இதை முதலில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வழியில் பார்க்கும் ஒவ்வொன்றும் அவர்களுக்குப் புரியும்.

எப்போது போவது என்பது உங்கள் பள்ளி விடுமுறையைப் பொறுத்தது. ஜூலை, ஆகஸ்டில் வருபவர்களுக்கு மலையில் தென்மேற்குப் பருவமழை இருக்கும். காடு பச்சைப்பசேலென்று இருக்கும், ஏலக்காய் எடுப்பும் தொடங்கியிருக்கும். ஆனால் எங்கும் தண்ணீர் கிடைப்பதால் யானைகள் ஏரிக்கரைக்கு வரவேண்டிய தேவை குறைவு. அட்டையும் அதிகம். டிசம்பரில் வருபவர்களுக்கு வானிலை அருமை, இரவில் ஸ்வெட்டர் தேவைப்படும் குளிர். சிக்கல் என்னவென்றால், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபரிமலை சீசன். தேக்கடியை ஒட்டிய கேரள எல்லை ஊரான குமுளி வழியெங்கும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள்தான். அறை வாடகை ஏறும், மலைப்பாதையை ஒருவழியாக்குவார்கள். விலங்கு பார்ப்பதுதான் முதல் ஆசை என்றால் மார்ச், ஏப்ரலில் போங்கள். காடு காய்ந்து, விலங்குகள் தண்ணீர் தேடி ஏரிக்கரைக்கு இறங்கும். அந்த மாதங்களில் காட்டுத்தீ பயத்தால் நடைப்பயணங்களை நிறுத்திவைப்பதுண்டு, அதைக் கேட்டுக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள்.

காகிதங்கள் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு நுழைவுக் கட்டணம் அதிகம். ஆனால் இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை உள்ளவர்களுக்குத் தேசியப் பூங்காக்களிலும் வனவிலங்கு சரணாலயங்களிலும் இந்தியக் குடிமக்களுக்கான கட்டணம்தான் வாங்க வேண்டும் என்பது மத்திய அரசின் அறிவிக்கை. அட்டையின் அசல் கையில் இருக்கட்டும். போனில் இருக்கும் படத்தைக் காட்டினால் கவுண்டரில் ஏற்காமல் போகலாம். அறை எடுக்கும்போதும் பாஸ்போர்ட்டும் விசாவும் அல்லது ஓசிஐ அட்டையும் கேட்பார்கள். வீட்டில் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு வந்தால் சிரமம்.

வாடகைக் கார் பேசும்போதே கேரளப் பெர்மிட் செலவு யாருடையது, டிரைவர் பேட்டா எவ்வளவு என்று தெளிவாகப் பேசிவிடுங்கள். ராமநாதபுரத்திலிருந்து குமுளி ஏறத்தாழ 255 கிலோமீட்டர். பரமக்குடி, மானாமதுரை, மதுரை, உசிலம்பட்டி, தேனி, கம்பம், கூடலூர் என்று போகும். சாப்பாட்டுக்கு நிறுத்துவதையும் சேர்த்தால் ஆறேழு மணி நேரம். ராமேஸ்வரத்திலிருந்து கிளம்புபவர்கள் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போவதும் சுலபம்தான். மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு மாறினால் அங்கிருந்து தேனி, கம்பம், குமுளி வண்டிகள் கிடைக்கும். வயதானவர்களுக்கு ரயில் வசதி என்றால் மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடி வரை இப்போது அகலப் பாதை இருக்கிறது.

கூடலூர் தாண்டியதும் லோயர் கேம்ப்பில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். பென்னிகுயிக் மணிமண்டபம் அங்கே இருக்கிறது. மலையை அண்ணாந்து பார்த்தால், உச்சியிலிருந்து பவர் ஹவுஸுக்கு இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்கள் தெரியும். நம் கண்மாய்க்கு வரும் தண்ணீர் மலையிறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடமில்லை. அணைக்கே போய்ப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே அனுமதியில்லை, படகும் அதுவரை போகாது. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலைப்பாதை ஆறேழு கிலோமீட்டர்தான், வாந்தி வருபவர்கள்கூடச் சமாளித்துவிடலாம். காலையில் ஏறினால், தேனிப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகள் வரிசையாக முன்னே போகும். அவர்களுக்கு வழிவிட்டு நிதானமாகப் போகச் சொல்லுங்கள்.

குமுளியில் மொழிக் கவலை வேண்டாம், எல்லோருக்கும் தமிழ் தெரியும். அன்று மாலை ஓய்வெடுங்கள். மறுநாள் காலை முதல் படகுக்குப் போகவேண்டும்.

பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர். அதில் நீங்கள் படகிலிருந்து பார்ப்பது ஓரம்தான். ஆகவே புலி பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டாதீர்கள். புலி இருக்கிறது, ஆனால் படகுப் பயணிகளின் கண்ணில் படுவது அபூர்வம். புலியை எதிர்பார்த்துப் போகும் குழந்தை கரையில் நிற்கும் காட்டுமாட்டுக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று கேட்கும். மிளா, காட்டுப்பன்றி, காட்டுமாடு இவை பெரும்பாலும் தெரியும். யானை அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நீர்நாய்க் குடும்பம் ஒன்று கரையேறி மீன் தின்பதைப் பார்க்கக் கிடைத்தால் அதுவே போதும். ஏரிக்குள் நிற்கும் மொட்டைமரங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை, நூற்றாண்டுக்கு மேலாகியும் கறுத்து இறுகி நிற்கின்றன. ஒவ்வொரு மரத்தின் நுனியிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருக்கும். படகு பத்தடி தள்ளிப் போனாலும் அது அசையாது.

படகு ஒன்றரை மணி நேரம். முதல் நடையும் கடைசி நடையும் விலங்கு பார்க்க நல்லவை, நடுப்பகல் நடைகளில் வெயில்தான் மிச்சம். இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள், மேல்தளம் கிடைத்தால் பார்வைக்கு நல்லது. தனியார் வண்டிகளை ஆனவச்சால் மைதானத்தில் நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் உள்ளே போகவேண்டும், அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்த்ததும் பலர் ஒரே பக்கம் எழுந்து போனதை ஒரு காரணமாகச் சொன்னார்கள். லைஃப் ஜாக்கெட்டை வாரை இறுக்கிப் போடுங்கள், குழந்தைக்குச் சரியான அளவு கேட்டு வாங்குங்கள். யானையே வந்தாலும் இடத்தைவிட்டு எழாதீர்கள். கடற்கரைக்காரர்கள் நாம், தண்ணீர் பயமில்லை என்பது இங்கே உதவாது.

இரண்டாம் நாளில் மீதி நேரத்தை எப்படிச் செலவிடுவது? நடக்க முடிந்தவர்கள் வனத்துறையின் வழிகாட்டியோடு காட்டுநடை போங்கள். ஒரு காலத்தில் இந்தக் காட்டில் இலவங்கப்பட்டை திருடியும் வேட்டையாடியும் பிழைத்தவர்கள் பலர், 1990-களின் இறுதியிலிருந்து வனத்துறையோடு சேர்ந்து காவலுக்கும் வழிகாட்டவும் வந்துவிட்டார்கள். ஒடிந்த கிளையையும் புதிய சாணத்தையும் பார்த்து எது, எப்போது போனது என்று சொல்லும் ஆட்கள். நீங்கள் கொடுக்கும் பணம் அந்த மாற்றத்தை நிலைக்கவைக்கிறது. அட்டை கடிக்காமலிருக்கக் காலுறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மங்கலான நிறத்தில் உடுத்துங்கள், சென்ட் வேண்டாம். ஊருக்குள் தனியார் நடத்தும் யானைச் சவாரியைத் தவிர்க்கச் சொல்வேன். காட்டு யானையைப் பார்க்க வந்துவிட்டு, சங்கிலி கட்டிய யானையின் முதுகில் ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜீப் சவாரி வேண்டுமென்றால் கவி என்ற மலையூருக்குப் போங்கள். வண்டிப்பெரியாறு வழியாக வல்லக்கடவு சோதனைச் சாவடி தாண்டிக் காப்பகத்துக்குள் போகும் பாதை. வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, அதனால் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஒருநாள் திட்டத்தை முன்னதாகவே பதிவு செய்யவேண்டும். கருமந்தியும் மலை அணிலும் சுலபமாகத் தெரியும், சிங்கவால் குரங்கும் இருவாட்சியும் கிடைத்தால் பாக்கியம். ஆனால் நான் கவிக்குப் போகச் சொல்வது அங்குள்ள மனிதர்களுக்காக. 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இங்கே ஏலத்தோட்ட வேலைக்குக் குடியமர்த்தினார்கள். அப்படித் தாயகம் திரும்பியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குள் வந்தார்கள். நம் கரையில் கால்வைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் காட்டுக்குள் இன்றும் தமிழ் பேசி வாழ்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ புறப்பட்டு லண்டனிலும் டொரண்டோவிலும் வளர்ந்த குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். போனால் அவர்களை வேடிக்கைப் பொருளாகப் படம் எடுக்காதீர்கள். ஒரு தேநீர் குடித்துவிட்டு, ஐயா, அம்மா என்று பேச்சுக் கொடுங்கள். சொல்ல விருப்பமுள்ளவர்கள் சொல்வார்கள்.

மூன்றாம் நாள் தோட்டம். குமுளியைச் சுற்றி இருக்கும் மசாலாத் தோட்டங்களில் பல, சுற்றுலாவுக்கென்றே ஒவ்வொன்றிலும் இரண்டு செடி வைத்தவை. ஒரு மணி நேரம் சுற்றிக்காட்டிக் கடைசியில் கடைக்குள் கொண்டுவிடுவார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அது போதும், கிராம்பு, ஜாதிக்காய், வெனிலா எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். வேலை நடக்கும் ஏலத்தோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்றால் அணக்கரை, புற்றடி, வண்டன்மேடு பக்கம் போங்கள், அல்லது தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஹோம்ஸ்டேயில் தங்குங்கள்.

ஏலச்செடி ஆளைவிட உயரமாக வளரும், காய் மட்டும் மண்ணை ஒட்டி இருக்கும். தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் தரையில் படர்ந்து கிடக்கும், அவற்றில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் ஒன்றாக இருக்கும். பெண்கள் குத்துக்காலிட்டு, முற்றிய காயை மட்டும் விரலால் பிரித்தெடுப்பார்கள். ஒரு மாதமோ நாற்பது நாளோ கழித்து அதே செடிக்குத் திரும்ப வரவேண்டும். எடுத்த காயை ஸ்டோர் என்னும் உலர்த்தும் கூடத்தில் சூடுகாட்டி ஒரு நாள் போல உலர்த்துவார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய். விலை ஏன் அப்படி என்று அங்கே நின்றால் புரிந்துவிடும். ஏலத்துக்கு மருந்தடிப்பு அதிகம், அதனால் செடியிலிருந்து பறித்ததைப் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிளகு பார்க்க ஜனவரி, பிப்ரவரி நல்லது. முள்முருங்கையிலும் சில்வர் ஓக்கிலும் ஏறிய கொடியில், சரத்தில் ஓரிரு மணி சிவந்ததும் பறித்து வெயிலில் காயப்போட்டிருப்பார்கள்.

டிரைவர் "தெரிந்த கடை" என்று கூட்டிப்போகும் இடத்தில் விலையில் அவருடைய கமிஷனும் இருக்கும், அது ஊரறிந்தது. இரண்டு கடை விசாரித்து வாங்குங்கள். ஏலக்காயைப் பிளந்தால் உள்ளே விதை கறுத்து, லேசாகப் பிசுபிசுப்பாக இருக்கவேண்டும். எல்லாமே ஒரே கடும்பச்சையாக மின்னினால் ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் போட்டதென்றால் துணியில் ஒட்டும். மிளகைக் கொஞ்சம் தண்ணீரில் போட்டால் பதர் மிதக்கும், நல்லது அடியில் போகும். பட்டை கேட்டால் தடித்த ஒற்றை மரப்பட்டையைக் காட்டுவார்கள். மெல்லிய சுருள் அடுக்காக இருப்பதே நல்ல இலவங்கப்பட்டை.

திரும்பும்போது வண்டன்மேட்டிலிருந்து கம்பம் மெட்டு வழியாக இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் கண்முன் விரியும். சபரிமலை சீசனில் அந்தப் பாதையை ஏறும் வண்டிகளுக்கு ஒதுக்குவதுண்டு, அப்போது குமுளி வழியே இறங்குங்கள். கீழே வந்ததும் பன்னீர் திராட்சை வாங்கி வண்டியிலேயே சாப்பிடலாம்.

இன்னும் ஒரு காலைப்பொழுது மிச்சமிருந்தால், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வருபவர்கள் நம் பக்கத்துப் பறவைகளையும் விட்டுவிடாதீர்கள். ராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாய், முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, பூநாரைகள் வரும் தனுஷ்கோடி. தொண்டிப் பக்கத்துக் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது.

வாங்கிய மசாலாவை முழுதாக, காற்றுப்புகாத பாக்கெட்டில், பெயர் ஒட்டிய உறையோடு பெரிய பெட்டியில் வையுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் வருகை அட்டையில் கட்டாயம் குறிப்பிடவேண்டும், மறைத்தால் அபராதம். மிளகாயை மட்டும் குமுளியில் வாங்கவேண்டாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய் நம் ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கும், விமானத்துக்கு முந்தின நாள் வாங்கி ஒரு வெயில் காட்டிக் கட்டிக்கொள்ளுங்கள்.