மீடிறன் கிடைத்ததும் சுழற்சி என்று எழுதிவிடாதீர்கள்

ஆடி, ஆவணி மாதங்களில் இரவு எட்டு மணிக்குப் பிறகு கல்லடிக் கடற்கரையில் நின்றால் தென்வானில் விருச்சிகம் தெளிவாகத் தெரியும். அதன் சிவப்பு விண்மீனான கேட்டைக்கு வடக்கே, வெறுங்கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கிறது ஸ்கோர்ப்பியஸ் எக்ஸ்-1. சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதன்முதலில், 1962 இல், கண்டறியப்பட்ட எக்ஸ்-கதிர் மூலம் இதுதான். இங்கே ஒரு நியூத்திரன் விண்மீன், அதாவது மிகச் சிறிய, மிக அடர்ந்த விண்மீன், தன் துணை விண்மீனிடமிருந்து வாயுவை இழுக்கிறது. அந்த வாயு தட்டுப்போலச் சுழன்று விழும்போது கடுமையாகச் சூடேறி எக்ஸ்-கதிரை உமிழ்கிறது. அந்தக் கதிர் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை ஏறி இறங்குவதை 1996 இல் நாசாவின் ரொஸி செய்மதி காட்டியது.

இந்த அலைவைப் பற்றித் தமிழில் எழுதும்போது நேரும் பெரிய பிழை, கிடைத்த மீடிறனை (செக்கனுக்கு எத்தனை தடவை என்ற எண்ணிக்கையை) விண்மீனின் சுழற்சி வேகம் என்று சொல்லிவிடுவது. உண்மையில் இங்கே மூன்று வேறு சங்கதிகள் உண்டு. முதலாவது, சீரான துடிப்பு. 1998 இல் சாக்ஸ் ஜே1808 என்ற மூலத்தில் 401 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 401 தடவை, துடிப்புக் கிடைத்தது, அது சுழற்சியேதான். இரண்டாவது, விண்மீனின் மேற்பரப்பில் சேர்ந்த வாயு அணுக்கருத் தாக்கத்தால் திடீரென எரியும் சில செக்கன்களில் தோன்றும் அலைவு. இதன் மீடிறன் சில ஹேர்ட்ஸ் நகர்ந்தாலும் சுழற்சியை ஒட்டியே நிற்கும். அதே சாக்ஸ் ஜே1808 இதை 2003 இல் உறுதிப்படுத்தியது.

மூன்றாவதுதான் மயக்குவது. ஸ்கோர்ப்பியஸ் எக்ஸ்-1 இல் கண்டது இந்த வகை. சில நூறு ஹேர்ட்ஸிலிருந்து 1200 வரை, மீடிறன் வரைபில் பெரும்பாலும் இரட்டை உச்சிகளாக வரும். மணிக்கணக்கில் மேலும் கீழும் நகரும். சூரியனைவிடக் கூடிய திணிவை ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் ஆரைக்குள் அடக்கிய ஒரு பொருள், கோண உந்தக் காப்பு விதியை மீறி அவ்வளவு விரைவில் வேகம் மாற்ற முடியுமா? முடியாது. ஆகவே அது தட்டின் உட்பகுதியில், விண்மீனுக்கு மிக அருகே சுற்றும் வாயுவோடு தொடர்புடையதாகத்தான் இருக்க வேண்டும். முழு விளக்கம் இன்னும் முடிவாகவில்லை.

சரி, இரண்டு உச்சிகளுக்கும் இடையிலான வித்தியாசமாவது சுழற்சியைத் தருமா? முதலில் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் ஸ்கோர்ப்பியஸ் எக்ஸ்-1 இல் அந்த இடைவெளி ஏறத்தாழ 290 ஹேர்ட்ஸிலிருந்து 250 வரை சுருங்குகிறது. சாக்ஸ் ஜே1808 இலோ அது ஏறத்தாழ 195, சுழற்சியின் பாதி. எனவே கழித்துப் பார்த்து விடை எழுதுவதும் ஆபத்தானது.

இணையத்தில் இந்த அலைவுகளை ஒலியாக்கிப் போட்டிருப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு நியூத்திரன் விண்மீன் ‘பாடுகிறது’ என்று எழுதாதீர்கள். நம்முடைய மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் ஓசையைத் தண்ணீர் கொண்டுவருகிறது. அங்கிருந்து ஒலி வராது, நாம் அளப்பது எக்ஸ்-கதிரைத்தான், அதையும் வளிமண்டலம் மறித்துவிடும். செய்மதியில்லாமல் எந்த மலை உச்சியிலிருந்தும் இதை அளக்க இயலாது.

அப்புறம், ஒளிவளையியை (நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டும் வரைபை) உற்றுப் பார்த்தால் அலைவு கண்ணில் படும் என்று எண்ண வேண்டாம். பல மூலங்களில் ஓர் அலைவுக்குக் கருவியில் விழுவது ஒரு சில போட்டன்கள் (ஒளித் துணிக்கைகள்) தான். நீண்ட நேரத் தரவைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வலுநிறமாலையையும் (எந்த மீடிறனில் எவ்வளவு அலைவு என்று காட்டும் வரைபையும்) சராசரி எடுத்த பிறகே உச்சி தலைகாட்டும். அப்போது மீடிறனோடு உச்சியின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊசிபோல ஒடுங்கியிருந்தால் துடிப்பாக இருக்கலாம். அகன்றிருந்தால் அந்த மூன்றாவது வகையைச் சந்தேகியுங்கள்.