பழைய வெளியீட்டுச் செயலியைப் புதிய சர்வருக்கு மாற்றுவது எப்படி

பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வலை வெளியீட்டுச் செயலியைப் புதிய சர்வருக்குக் கொண்டுசெல்வதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன: ஒன்று இடமாற்றம், மற்றொன்று பதிப்பு உயர்வு. இவ்விரண்டையும் ஒரே இரவில் செய்ய முனைந்தால், ஒரு பக்கம் வெறுமையாகத் தெரியும்போது அதற்குக் காரணம் விடுபட்ட கோப்பா, புதிய பிஎச்பி (செயலி எழுதப்பட்ட நிரல்மொழி) ஏற்காத சார்பா, தரவுத்தள அமைப்பா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும். ஆகவே, புதிய சர்வரில், வெளியுலகுக்கு மூடப்பட்ட ஒரு கன்டெய்னருக்குள் (மற்றவற்றிலிருந்து தனித்து இயங்கும் சூழலுக்குள்), பழைய சர்வரில் உள்ள அதே பிஎச்பி, மைஎஸ்கியூஎல் (தரவுத்தள மென்பொருள்) பதிப்புகளை நிறுவி, செயலி அங்கே முன்புபோல் இயங்குவதை உறுதிசெய்த பின்னரே பதிப்புகளை உயர்த்த வேண்டும்.

அதற்கும் முன்பாகப் பழைய சர்வரில் என்னென்ன இருக்கின்றன என்று எழுதி வையுங்கள். செயலியின் கோப்புறையும் தரவுத்தளமும் எவர் நினைவுக்கும் வரும். கிரான் பணிகள் (குறித்த நேரத்தில் தாமே ஓடுபவை), வலைச் சர்வர் மென்பொருளான அப்பாச்சியின் திசைமாற்ற விதிகள், மின்னஞ்சல் அனுப்பும் அமைப்பு, கோப்புறைக்கு வெளியே சேமிக்கப்பட்ட படங்கள் ஆகியவைதாம் விடுபடும்.

மிகுந்த கவனம் வேண்டுவது எழுத்துக்குறியாக்கம், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை. மைஎஸ்கியூஎல்லின் இயல்புக் குறியாக்கம் 8.0 பதிப்பு வரும்வரை ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டே தரும் லத்தீன்-1 ஆகவே இருந்ததால், பழைய செயலிகள் பல, தமிழையும் எழுதவல்ல யூடிஎஃப்-8 முறையின் பைட்டுகளை லத்தீன்-1 அட்டவணைகளில் அப்படியே கொட்டி வைத்தன. எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே தவறு நிகழ்ந்ததால் பக்கத்தில் தமிழ் சரியாகவே தெரிந்தது. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லில் கணினி எண்ணும் முறையில் 5 குறியீட்டு எண்கள் உள்ளன (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட்டுகள் பிடிப்பதால் மொத்தம் 15 பைட்டுகள். அந்தச் சொல் மட்டுமே உள்ள ஒரு புலத்தில் எழுத்து நீளத்தையும் பைட்டு நீளத்தையும் தரவுத்தளத்திடமே கேளுங்கள். 5, 15 என்று விடை வந்தால் தரவு சரி. இரண்டும் 15 என்றால் லத்தீன்-1 போர்வைக்குள் யூடிஎஃப்-8 இருக்கிறது. எழுத்து நீளம் 15 ஆகவும் பைட்டு நீளம் அதற்கு மேலும் இருந்தால், முன்பே யாரோ ஒருமுறை தவறாக மாற்றியதில் தரவு இரட்டைக் குறியாக்கம் ஆகிவிட்டது என்று பொருள். செயலியின் ஆயுட்காலத்தில் இணைப்பு அமைப்பு இடையில் மாறியிருக்கக்கூடும் என்பதால், மிகப் பழையது, நடுக்காலத்தது, அண்மையது என மூன்று வகைப் பதிவுகளிலும் இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

இரண்டும் 15 என வந்த இரண்டாவது நிலையில் இருப்பதை நேரடியாக யூடிஎஃப்8எம்பி4க்கு (மைஎஸ்கியூஎல்லில் முழுமையான யூடிஎஃப்-8இன் பெயர்) மாற்றும்படி ஆணையிட்டால், மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் கருதி மாற்றி, இரட்டைக் குறியாக்கம் என்னும் மூன்றாவது நிலையை உண்டாக்கிவிடும். இணைப்பின் குறியாக்கத்தையும் லத்தீன்-1 என்றே குறிப்பிட்டு ஏற்றுமதி செய்தால் பைட்டுகள் மாறாமல் கோப்புக்கு வரும். அட்டவணை வரையறைகளையும் தரவையும் தனித்தனிக் கோப்புகளாக எடுத்து, வரையறைகளில் யூடிஎஃப்8எம்பி4 என்று திருத்தி, தரவுக்கோப்பின் தொடக்கத்தில் உள்ள இணைப்பு வரியையும் அவ்வாறே மாற்றிப் புதிய சர்வரில் ஏற்றுங்கள். கட்டுரைகளின் உள்ளேயும் ‘லத்தீன்-1’ என்ற சொல் இருக்கலாம் என்பதால் கோப்பு முழுவதிலும் கண்மூடித்தனமாகத் தேடி மாற்றக் கூடாது. ஏற்றும்போது சில தலைப்புகள் பிழை காட்டக்கூடும்: 255 எழுத்து என்று வரையறுத்த லத்தீன்-1 புலத்தில் 255 பைட்டுகளே இடம்பெறும், அதாவது 85 தமிழ்க் குறியீடுகள், இடைவெளிகளும் கலந்த நீண்ட தலைப்பு ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டுப்பட்டிருக்கலாம். அவற்றைக் கையால் திருத்துவதே நல்லது.

அட்டவணைகள் மைஐசாம் என்னும் பழைய சேமிப்பு வகையாக இருந்தால் இந்தக் கட்டத்திலேயே இன்னோடிபி வகைக்கு மாற்றுங்கள். மைஐசாமில், தேடலை விரைவாக்கும் ஒரு குறியீட்டுச் சாவியின் வரம்பு 1000 பைட்டுகள். 255 எழுத்துப் புலம் யூடிஎஃப்8எம்பி4இல் எழுத்துக்கு 4 பைட்டு வீதம் 1020 பைட்டுகள் வரை கோருவதால் சாவி உருவாகாது.

இனிப் பதிப்பு உயர்வு. 2015இல் வந்த பிஎச்பி 7.0, ‘மைஎஸ்கியூஎல்_’ என்று தொடங்கும் பழைய இணைப்புச் சார்புகளை முற்றிலும் நீக்கியது. அவற்றை நம்பிய செருகுநிரல்களை மாற்றி எழுத வேண்டும், அல்லது கைவிட வேண்டும். பராமரிப்பாளர் இல்லாத செருகுநிரலைக் கைவிடுவதே பெரும்பாலும் சரியான முடிவு. மைஎஸ்கியூஎல் 8.0இல் ‘ரேங்க்’, ‘குரூப்ஸ்’ ஆகியவை ஒதுக்கப்பட்ட சொற்களாகிவிட்டன. அப்பெயரில் புலமோ அட்டவணையோ இருந்தால் வினவல் முறியும். தவறான தரவை மறுக்கும் கண்டிப்பு முறைமை இயல்பாகவே இயங்குவதால் சுழியங்களால் ஆன தேதிகளையும் அது ஏற்காது. அப்பாச்சி 2.2இலிருந்து 2.4க்கு வருவோர் அணுகல் விதிகளைப் புதிய தொடரமைப்பில் எழுத வேண்டும்.

சோதனைக்குத் தளப்பெயரைத் தொட வேண்டியதில்லை. உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் தளப்பெயருக்கு நேராகப் புதிய சர்வரின் ஐபி முகவரியைக் குறித்தால், உங்களுக்கு மட்டும் தளம் புதிய சர்வரிலிருந்து திறக்கும். தளத்தின் வலை முகவரியே மாறுமானால் ஓர் எச்சரிக்கை: வேர்ட்பிரஸ் போன்ற செயலிகள் சில அமைப்புகளைச் சரத்தின் பைட்டு நீளத்துடன் சேர்த்துச் சேமிப்பதால், ஏற்றுமதிக் கோப்பில் முகவரியை வெறுமனே மாற்றினால் நீளம் பொருந்தாமல் அமைப்புகள் அழியும், அதற்கென உள்ள கருவியையே பயன்படுத்துங்கள்.

மாற்றும் நாளுக்கு ஓரிரு நாள் முன்பே டிஎன்எஸ் பதிவின் (தளப்பெயரை ஐபி முகவரியுடன் இணைப்பது) ஆயுளை 300 விநாடிகளாகக் குறைத்துவிடுங்கள். அன்று பழைய தளத்தில் எழுதும் வசதியை நிறுத்தி, கடைசி ஏற்றுமதியை எடுத்து, ஆர்சிங்க் என்னும் நகலெடுப்புக் கருவி கொண்டு புதிய படங்களை மட்டும் நகலெடுத்து, ஏற்றிச் சரிபார்த்த பின் பதிவை மாற்றலாம். செயலி மின்னஞ்சல் அனுப்புமானால் எஸ்பிஎஃப் பதிவில் (தளத்தின் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களின் பட்டியல்) புதிய ஐபியைச் சேர்க்க வேண்டும். இல்லையேல் கடவுச்சொல் மீட்பு அஞ்சல்கள் குப்பைப் பெட்டிக்குப் போகக்கூடும். அடுத்த சில வாரங்கள் 404 (பக்கம் இல்லை) பிழைப் பதிவுகளைப் பார்த்து, விடுபட்ட பழைய முகவரிகளுக்குத் திசைமாற்றம் சேர்த்துவாருங்கள். மாதமொருமுறை ஓடும் கிரான் பணி ஒருமுறையேனும் புதிய சர்வரில் பிழையின்றி ஓடி முடியும் வரை பழையதை அணைக்க வேண்டாம்.